முத்தின் மறுவும் முத்தின் நீரும்

(நம் சங்கத்து மாதர் குழுவின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. ஆண்டு விழா மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



முத்து வாங்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள் கூறவேண்டும் என்று மாதர் குழுவினர் பணித்தபோது, நாங்கள் இருவரும் முதலில் தயங்கினோம். நாங்கள் முத்து வணிகர் அல்லர்; மணி நோட்டம் பயின்றவரும் அல்லர். அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டு மாரேட்பள்ளியில் ஓய்வாக வாழும் சாதாரணக் குடும்பத்தினர். இதைச் சொல்லி விலக முயன்றோம். “விற்பவர் சொன்னால் விளம்பரம் என்பார்கள். ஏமாந்த நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள்” என்று குழுச் செயலாளர் அம்மையார் கூறிவிட்டார். அதன்பின் மறுக்க வழியில்லாமற் போயிற்று.

ஐதராபாத்திலும் செகந்தராபாத்திலும் குடியேறிய தமிழர்க்கு ஊரிலுள்ள உறவினர் கேளாமலே ஒரு பட்டம் சூட்டியிருக்கின்றனர். நாம் எல்லோரும் முத்தின் தரம் அறிந்தவர்களாம்! சார்மினார் எக்ஸ்பிரஸில் வந்திறங்கும் ஒவ்வோர் அத்தையும் ஒவ்வொரு சித்தப்பாவும் காப்பி அருந்தி முடித்தவுடன் கேட்கும் முதற் கேள்வி, “கடைக்கு எப்போது போகலாம்?” என்பதே. கோல்கொண்டாக் கோட்டை மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படும்; பத்தர்கட்டி ஒருநாளும் ஒத்திவைக்கப்படுவதில்லை. கும்பகோணத்தில் வாழ்பவரெல்லாம் வெற்றிலையின் தரம் அறிந்தவராக இருக்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. நமக்கு மட்டும் இந்தப் பொறுப்பு வந்து வாய்த்திருக்கிறது. அந்தப் பொறுப்பில் நாங்கள் தவறிய கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2012-ஆம் ஆண்டில் எங்கள் தங்கை மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாமன் வீட்டுச் சீராக ஒரு முத்துச் சரம் தருவதென்று முடிவு செய்தோம். பெயர் பெற்ற கடை ஒன்றில், ஜப்பானியக் கடல் முத்து என்று சொல்லி ஒரு சரத்தைக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் ஏழு மில்லிமீட்டர். அறுபதுக்கு மேற்பட்ட முத்துக்கள். எல்லாம் ஒரே உருண்டை, ஒரே வெண்மை. உடன் ஓர் அட்டையும் இருந்தது. அதில் தரம் ‘ஏ.ஏ.ஏ.’ என்று அச்சிட்டிருந்தது. ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியை வாங்கி, முத்து முத்தாக உருட்டி, முக்கால் மணி நேரம் மறுத் தேடினோம். ஒரு குழி இல்லை. ஒரு பொட்டு இல்லை. மனம் நிறைந்து பணத்தைக் கட்டினோம். அதே கடையில், எங்களோடு வாழ்ந்த முதிய அத்தைக்கு ஒரு சிறிய நன்னீர் முத்துச் சரமும் வாங்கினோம். அதன் விலை முன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் ஊசி குத்தியது போன்ற குழிகள் கண்ணுக்கே தெரிந்தன. “வயதானவளுக்கு இது போதாதா?” என்று அத்தையே சொல்லிவிட்டார்.

மூன்று ஆண்டுகள் சென்றன. 2015-இல் அந்தப் பெண் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் சரம் இல்லை. கேட்டதற்கு ஏதோ சொல்லி மழுப்பினாள். பிறகு அவளுடைய தாய் தொலைபேசியில் செய்தியைச் சொன்னாள். துளைகளைச் சுற்றி முத்தின் தோல் வெங்காயச் சருகுபோல் உரிந்து, உள்ளே சுண்ணாம்பு போன்ற வெண்மணி தெரியத் தொடங்கியதாம். ஒரு காதணி விழாவில், நாலு பேர் நடுவில், மாமியார் அம்மாள், “ஐதராபாத்தில் இருக்கிற மாமா வாங்கியதே போலியா?” என்று கேட்டாராம். அன்று கழற்றியதை அவள் பிறகு அணியவில்லை. சொத்தை முத்தைக் காட்டிலும் அந்தச் சொல்தான் எங்களை வருத்தியது.

கடைக்குப் போனோம். வாசனைத் தைலம் பட்டிருக்கும், வியர்வை பட்டிருக்கும் என்றார்கள். அட்டையில் தேய்மானத்துக்குப் பொறுப்பு எழுதியிருக்கிறதா என்று கேட்டார்கள். எழுதியிருக்கவில்லை. வெளியே வந்து, சந்து ஒன்றில் சரம் கோத்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் காட்டினோம். அவர் லென்ஸைக் கண்ணில் பொருத்தி, முத்தின் மேற்பரப்பைப் பாராமல் நேரே துளைக்குள் பார்த்தார். நாங்கள் முக்கால் மணி நேரம் பார்த்தும் பாராத இடம் அதுவே. “போலி இல்லை. சிப்பியை அவசரப்படுத்திவிட்டார்கள்” என்றார். அவரிடம் அன்று கற்றதையும், அதன்பின் தேடிப் படித்ததையும்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

வளர்ப்பு முத்து போலி முத்து அன்று. சிப்பிக்குள் மனிதர் ஒரு பொருளை வைக்கிறார். அதன்மேல் முத்துப் படலத்தைப் பூசுவது சிப்பியேதான். ஜப்பானியரான மிக்கிமோட்டோ 1893-இல் இவ்வாறு ஓர் அரைக்கோள முத்தை விளைவித்தார். முழு உருண்டை முத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கைகூடியது. நம் தூத்துக்குடியிலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அழகர்சாமி 1973-இல் இம்முறையால் உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினார். கடல் முத்துக்குள் வைக்கப்படுவது பெரும்பாலும் அமெரிக்க ஆற்று மட்டிகளின் தடித்த ஓட்டில் கடைந்த ஒரு மணி. முத்தின் பருமனில் பெரும்பகுதி அந்த மணியே. மேலே உள்ள படலம்தான் முத்து. சிப்பியைப் போதிய காலம் நீரில் விட்டால் படலம் தடிக்கும். செலவுக்கு அஞ்சிச் சில மாதங்களிலேயே எடுத்துவிட்டால், தாளைப் போன்ற மெல்லிய தோல்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட மெல்லிய தோலில் குழியும் மேடும் உண்டாவதற்குக்கூட நேரம் இருப்பதில்லை. எங்கள் சரம் மறுவற்று இருந்ததற்குக் காரணம் இதுவாகவே இருக்கவேண்டும் என்று இப்போது எண்ணுகிறோம்.

இன்று ஐதராபாத்துக் கடைகளில் மிகுதியாக விற்பவை சீனத்து நன்னீர் முத்துக்கள். அவற்றுள் பெரும்பாலானவற்றில் உள்மணி இல்லை. வேறொரு மட்டியின் திசுத் துண்டை மட்டும் செருகி, ஆண்டுக்கணக்கில் நீரில் விடுகிறார்கள். ஆகையால் அம்முத்து மேலிருந்து நடுவரை படலமேயாகும். உரிந்து வெளிப்படுவதற்கு உள்ளே வேறு பொருள் கிடையாது. ஒரே மட்டியில் பல முத்துக்கள் விளைவதால் விலையும் குறைவு. ஆனால் உருண்டை பிசகும்; வளையம் விழும்; குழி இருக்கும். அத்தையின் சரம் இவ்வகையைச் சேர்ந்தது. பெரிய உள்மணி வைத்து வளர்க்கும் நன்னீர் முத்துக்களும் இப்போது வருகின்றன. ஆகவே ‘நன்னீர்’ என்ற சொல் ஒன்றையே நம்பி வாங்கிவிடலாகாது. ‘பாஸ்ரா’ என்று சொல்லப்படும் பாரசீக வளைகுடாவின் இயற்கை முத்து வேறு உலகத்தைச் சேர்ந்தது. 1995-இல் இந்திய அரசு வாங்கிய நிஜாம் நகைகளுள் ஏழு சரம் கொண்ட அத்தகைய மாலை ஒன்று உண்டு. நம்முடைய பணப்பைக்கு அது கண்காட்சிப் பொருள். இயற்கையா வளர்ப்பா என்பதை உறுதி செய்ய எக்ஸ்-கதிர்ச் சோதனை வேண்டும். அந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடுவோம்.

முத்தை எடுத்தவுடன் முதலில் பார்க்கவேண்டியது எது? மறுவை அன்று என்று அந்த முதியவர் சொன்னார். நீரைப் பார்க்கச் சொன்னார். அவர் உருது மொழியில் ‘ஆப்’ என்ற சொல்லைச் சொன்னார். தண்ணீருக்கும் அதுவே சொல், ஒளிக்கும் அதுவே சொல். எங்களுக்கு வியப்பாக இருந்தது. ஏனெனில் நம் முன்னோரும் முத்தின் ஒளியை ‘நீர்’ என்றும் ‘நீரோட்டம்’ என்றுமே வழங்கினர். தஞ்சைப் பெரிய கோவிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக்களைப் படித்தவர் அறிவர். கோவிலுக்குக் கொடுத்த நகைகளிலுள்ள முத்துக்களை எண்ணிச் சொல்வதோடு அவை நிற்பதில்லை. வட்டம் என்றும், முழு வட்டமாகாத அனுவட்டம் என்றும், குறுமுத்து என்றும், கறடு என்றும், ஒட்டிப் பிறந்த இரட்டை என்றும் வகை பிரிக்கின்றன. நீரைக் குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று வேறுபடுத்துகின்றன. இறைவனுக்குக் கொடுத்த பொருளில் கறடும் இருந்தது என்பதை மறைக்காமல் கல்லில் வெட்டிவைத்த நேர்மையை எண்ணிப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த அட்டையை எழுதியவர் அந்தக் கணக்கரிடம் சில நாள் பாடம் கேட்டிருக்கலாம்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு நடந்த காலத்திலும் தரம் பிரிக்கும் முறை நுட்பமாக இருந்தது. 20 துளை முதல் 1,000 துளை வரை கொண்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரிப்பார்கள். பிறகு வடிவையும் நீரையும் கண்டு ஆணி, அனதாரி, கலிப்பு என்று படிப்படியாக ஒதுக்கித் தூள் வரை வருவார்கள். உருண்டையும் நீரும் ஒருங்கே குறைவறப் பெற்றதே ஆணிமுத்து. தூத்துக்குடிக் கரையில் கடைசிப் பெருங்குளிப்பு 1961-இல் முடிந்தது. அச்சொற்களும் பெரும்பாலும் அத்துடன் போயின. ‘ஆணிமுத்து’ என்பது மட்டும் பிள்ளைகளைக் கொஞ்சும் சொல்லாக நம் வீடுகளில் தங்கியிருக்கிறது.

நீர் என்பது என்ன? முத்துப் படலம் அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தின் மிக நுண்ணிய தகடுகளால் ஆனது. ஒவ்வொரு தகடும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. அவை ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கடுக்காக அமைகின்றன. வெளிச்சம் மேலடுக்கிலும் உள்ளடுக்குக்களிலும் பட்டுத் திரும்புவதால் ஒளி முத்தின் உள்ளிருந்து வருவதுபோல் தோன்றுகிறது. அடுக்கு ஒழுங்காக இருந்தால் நீர் கூர்மையாக இருக்கும். தாறுமாறாக இருந்தால் முத்து பால் கலங்கியதுபோல் மங்கும். நீர் குளிர்ந்திருக்கும்போது சிப்பி மெல்லப் பூசும். அடுக்கும் சீராக அமையும். அதனாலேயே ஜப்பானியர் குளிர்காலத்தில் அறுவடை செய்கின்றனர். கல்வெட்டின் ‘குளிர்ந்த நீர்’ ஒளியைக் குறித்த சொல்தான். இருந்தாலும் இந்தப் பொருத்தம் நினைக்க இனிமையாக இருக்கிறது.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. கடையில் குழல் விளக்கு எரிகிறதல்லவா? அதன் நிழலுரு முத்தில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். கோட்டின் ஓரம் கத்தி வெட்டியதுபோல் தெரிந்தால் நீர் உயர்ந்தது. ஓரம் கரைந்து பஞ்சுபோல் பரவினால் நடுத்தரம். கோடே தெரியாமல் வெறும் வெண்மை தெரிந்தால், அம்முத்தில் ஒரு மறுவும் இல்லாவிட்டாலும் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

அடுத்தது படலத்தின் தடிப்பு. இதை விற்பவர் தாமாகச் சொல்வதில்லை, நாம்தான் பார்க்கவேண்டும். உள்மணி உள்ள கடல் முத்துச் சரத்தை மேசைமேல் வைத்து மெல்ல உருட்டுங்கள். படலம் மெல்லியதாக இருந்தால் உள்மணியின் வரிகள் தெரிந்தும் மறைந்தும், முத்து கண் சிமிட்டுவதுபோல் தோன்றும். பிறகு துளையின் வாயை லென்ஸால் பாருங்கள். உள்மணிக்கும் படலத்துக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அக்கோட்டிலிருந்து வெளிவிளிம்புவரை எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே மதிப்பிடலாம். ஜப்பானில் ‘ஹனதாமா’, அதாவது பூமுத்து, என்று சான்றளிக்கும் ஓர் ஆய்வுக்கூடம், ஒரு பக்கத்துக்கு 0.4 மில்லிமீட்டர் படலமாவது இருக்கவேண்டும் என்று கேட்கிறது. எங்கள் சரத்தில் அதில் பாதிகூட இல்லை என்று முதியவர் மதிப்பிட்டார். துளையின் விளிம்பு இப்போதே பொரிந்து சில்லு சில்லாக இருந்தால் அந்தச் சரம் எத்தனை ‘ஏ’ பெற்றிருந்தாலும் நமக்கு வேண்டாம்.

இனி மறுவுக்கு வருவோம். மறுக்கள் எல்லாம் ஓர் இனம் அல்ல. இதை விளங்கிக்கொள்ளாதவரே இரு வகையிலும் நஷ்டப்படுகின்றனர். சிறு குழிக்கு அஞ்சி நல்ல முத்தை விடுகிறார்கள். அல்லது விரிசலைக் குழி என்று எண்ணிக் கெட்ட முத்தை வாங்குகிறார்கள். சிப்பி முத்தை வளர்க்கும்போதே உண்டான மறுக்கள் சில உள. ஊசிமுனைக் குழி, சிறு பரு, தோல் சுருக்கம், முத்தைச் சுற்றி ஓடும் வளையம் ஆகியவை அவை. முத்து சிப்பிக்குள் சுழன்றுகொண்டே வளரும்போது மறு ஒரே அச்சில் சுற்றி வளையமாகிவிடுகிறது. இவ்வகை மறுக்கள் பிறவி மச்சம் போன்றவை. நாளைக்கு வளரப்போவதில்லை, முத்தின் ஆயுளைக் குறைப்பதுமில்லை. விலையைக் குறைக்கின்றன, அதனால் நமக்கு நன்மையே.

விரிசல், பெயர்ந்த சில்லு, படலமே பற்றாமல் விடுபட்ட இடம், உடைந்த துளைவாய் ஆகியவை வேறு இனம். இவை புண் போன்றவை. வியர்வையும் தைலமும் அவ்வழியே உட்புகும். படலம் மேலும் மேலும் விட்டுக்கொடுக்கும். இத்தகைய மறு ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த முத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு: சுண்ணாம்பு தடவியதுபோல் மங்கிய திட்டு. அது பரவாது, ஆனால் நீரைக் கெடுக்கும். முன்பக்கம் இருந்தால் ஒதுக்கவேண்டும். துளையோரமாக இருந்தால் மன்னிக்கலாம்.

ஏனெனில் மறு இருக்கும் இடமும் ஒரு கணக்கு. துளையிடுபவர் கைத்திறன் வாய்ந்தவராக இருந்தால், முத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மறு இருக்கும் இடத்திலேயே துளையை இடுவார். மறுவும் போகும், துளையும் ஆகும். காதுத் தோட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் பாதி துளைத்துப் பொருத்துவதால், மறுவைப் பின்புறம் மறைப்பது எளிது. ஆகவே தோட்டுக்கு மறுவற்ற முத்தைத் தேடிக் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவு என்பது எங்கள் கருத்து. மோதிரத்துக்கு அப்படியன்று, முத்து முழுவதும் வெளியே தெரியும், எதிலேனும் இடித்துக்கொண்டும் இருக்கும். அங்கே தடித்த படலமும் பழுதில்லாத மேற்பரப்பும் வேண்டும். சரத்திலோ, நடுவில் உள்ள முத்துக்களையே பிறர் காண்கின்றனர். பின்கழுத்தில் பின்னலின் அடியில் இருக்கும் முத்தின் குழியை யார் காண்பது? உருப்பெருக்கியால் ஒருமுறை பார்த்தபின், சரத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து மறுமுறை பாருங்கள். அத்தூரத்தில் கண்ணில் படாத குழிக்காக நல்ல நீருள்ள சரத்தைத் தள்ளவேண்டாம். மறுவே இல்லாத முத்துக்களால் ஆன முழுச் சரம் மிக அரியது; உண்மையாகக் கிடைத்தால் விலை நம்மை எட்டிப் பார்க்க விடாது. மலிவான விலையில், அறுபதும் ஓரச்சில் வார்த்தவைபோல், மறுவின்றி இருந்தால் முதலில் எழவேண்டியது ஐயமே.

அட்டையில் அச்சிட்ட எழுத்துக்களைப் பற்றி ஒரு சொல். ‘ஏ’ முதல் ‘ஏ.ஏ.ஏ.’ வரை தரம் குறிக்கும் வழக்கத்துக்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட பொது அளவுகோல் கிடையாது. ஒரு கடையின் இரண்டு ‘ஏ’ மற்றொரு கடையின் மூன்று ‘ஏ’யை விட நன்றாக இருக்கலாம். நான்கு ‘ஏ’ போடுபவரும் உளர். எழுத்துக்கு விலை இல்லையல்லவா? தாஹித்தித் தீவுகளின் கரிய முத்துக்கு வேறு முறை. அங்கே ‘ஏ’ என்பதே தலையாயது. மறு இருந்தாலும் ஓரிடத்தில் ஒதுங்கி, மேற்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருக்கவேண்டும். அதிலிருந்து ‘டி’ வரை இறங்குகிறது. ஆக ஒற்றை ‘ஏ’ ஒரு முறையில் முதல் வகுப்பு, மற்றொரு முறையில் கடைசி வகுப்பு! 1931-இல் தொடங்கிய அமெரிக்க மணியியல் நிறுவனம் எழுத்துக்களை விட்டுவிட்டு, அளவு, வடிவு, நிறம், ஒளி, மேற்பரப்பு, படலம், இணைப்பொருத்தம் என்னும் ஏழையும் தனித்தனியே சொல்கிறது. மேற்பரப்பை மட்டும் மறுவற்றது முதல் மிகுந்த மறுவுடையது வரை நான்காகப் பிரிக்கிறது. நாம் கடைக்காரரிடம் கேட்கவேண்டியதும் இவ்வாறே: “இந்த மூன்று ‘ஏ’ எதற்கு? ஒளிக்கா, உருண்டைக்கா, மேற்பரப்புக்கா, படலத்துக்கா?” விடை சொல்லத் தெரிந்தவரிடம் வாங்கலாம். தரத்தைக் காப்பதில் வணிகருக்கும் பொறுப்பு உண்டு என்பதைக் காட்ட, மிக்கிமோட்டோ 1932-இல் கோபே நகரில் தரங்குறைந்த முத்துக்களைக் குவித்துப் பலர் காணத் தீயிலிட்டார். அதில் விளம்பரமும் கலந்திருந்தது. ஆயினும் எரிந்தது உண்மையான முத்து.

தீ என்றவுடன் நம் கடைகளில் நடக்கும் வித்தை நினைவுக்கு வருகிறது. முத்தைக் கத்தியால் சுரண்டி வெண்பொடியைக் காட்டுவார்கள். தீச்சுடரில் பிடித்துக் காட்டுவார்கள். நம் உறவினர் வாயைப் பிளந்து நிற்பார்கள். அந்த வித்தை நெகிழி மணியிலிருந்து முத்தை வேறுபடுத்துமே தவிர, நல்ல முத்திலிருந்து மட்ட முத்தை வேறுபடுத்தாது. எங்கள் பெண்ணின் சரமும் அந்தச் சோதனையில் தேறியிருக்கும். போலியைக் கண்டறிய முன்பல்லில் மெல்ல உரசினால் போதும். முத்தானால் நறநறக்கும், போலியானால் வழுக்கும். பிறர் பல்லில் பட்டதா என்று நினைப்பவர்கள் இரண்டு முத்துக்களை ஒன்றோடொன்று இலேசாக உரசிப் பார்க்கலாம்.

கடைக்குப் பகலில் போங்கள். மஞ்சள் விளக்கின் அடியிலும் கருநீல வெல்வெட்டின் மேலும் எந்த முத்தும் இராணிபோல் தோன்றும். ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் போய், வாசலோர வெளிச்சத்தில் அதன்மேல் சரத்தை வைத்துப் பாருங்கள். வீட்டிலுள்ள ஒரு நல்ல முத்தையும் உடன் கொண்டுபோனால் ஒப்பிட உதவும். தனியே பார்க்கும்போது கண் எளிதில் ஏமாறும். முத்துக்களின் நடுவே முடிச்சுப் போட்டுக் கோக்கச் சொல்லுங்கள். நூல் அறுந்தாலும் ஒன்றுதான் உருளும். ஒன்றோடொன்று உரசித் துளைவாய் பொரிவதும் குறையும். வீட்டில் காப்பதற்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. புளியும் எலுமிச்சையும் முத்தைத் தின்னும். தைலமும் பூச்சும் மங்கச் செய்யும். எல்லா அலங்காரமும் முடிந்தபின் அணிந்து, வந்தவுடன் முதலில் கழற்றி, மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள்.

அந்தப் பெண்ணின் செய்தியை நடுவில் விட்டுவிட்டோம். அதே ஆண்டு முதியவரையும் அழைத்துக்கொண்டு போய், எட்டு மில்லிமீட்டர் நன்னீர் முத்தில் நீர் உயர்ந்த ஒரு சரத்தைத் தேர்ந்தெடுத்தோம். பத்துப் பன்னிரண்டு முத்துக்களில் சிறு குழிகள் இருந்தன. சரத்தோடு சம்பந்தி அம்மாளுக்கு ஒரு கடிதமும் எழுதினோம். முன்னைய சரம் போலியன்று என்பதையும், அதில் நாங்கள் எதைப் பார்க்கத் தவறினோம் என்பதையும் மறைக்காமல் எழுதி, “இச்சரத்தில் சில குழிகள் உள்ளன, அவற்றை அறிந்தே வாங்கினோம், துளைவழியே பார்த்தால் உள்ளும் முத்தாகவே இருக்கும்” என்று முடித்தோம். கடிதத்துக்கு மறுமொழி வரவில்லை. ஓராண்டு கழித்து, அவ்வம்மையாரே தமக்கு ஒரு சரம் பார்த்து வைக்கும்படி மருமகள் மூலம் சொல்லியனுப்பினார். குழி இருந்தாலும் பரவாயில்லை, விளக்கின் கோடு தெரியவேண்டும் என்றாராம்.

இதோ, இந்த மேசைமேல் மூன்று சரங்களை வைத்திருக்கிறோம். ஒன்று உரிந்துபோன அந்தக் கல்யாணச் சரத்தில் பழுதாகாத முத்துக்களை மட்டும் மறுபடி கோத்தது. ஒன்று அத்தை விட்டுச் சென்றது. மற்றொன்று பொருட்காட்சியில் வாங்கிய நெகிழி மணி. எது எது என்று எழுதி ஒட்டவில்லை. ஒரு லென்ஸும் வெள்ளைக் கைக்குட்டையும் பக்கத்தில் இருக்கின்றன. சன்னலோரம் இன்னும் அரைமணி நேரம் வெளிச்சம் இருக்கும். சிற்றுண்டிக்கு முன் வந்து பார்க்கலாம். கேசரி தொட்ட கையோடு மட்டும் வேண்டாம்.